எக்கோ பெட்டிக்கு வைத்த பொட்டு

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கழுத்தில் ஆபரேஷன் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. தைராய்டு கட்டி. எடுத்தாகிவிட்டது, இனி பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். டாக்டரம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "பேசறதுக்கு ஒரு பிரச்சனையும் இருக்காது. பாடும்போது மேல முன்ன மாதிரி போக முடியுமான்னு போகப்போகத்தான் தெரியும்." போகப்போக என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பகலில் நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். முகூர்த்த நாள் வந்துவிட்டால் இரண்டு பேரும் வேறு ஆட்கள். எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அவர் கிட்டார், நான் பாட்டு. கல்யாண ரிசப்ஷன், ஆடி மாதத்தில் அம்மன் கோயில் திருவிழா, காலனி ஆண்டு விழா. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது: "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருக்கும்." அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. எந்தப் பாடகி எந்த இடத்தில் மூச்சு விட்டாரோ அங்கேதான் நானும் விட வேண்டும். எந்த இடத்தில் குரல் லேசாகக் குழைந்ததோ அங்கே நானும் குழைய வேண்டும். என் கணவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டு, தப்பைத் தேதி போட்டு வைக்காத குறையாகச் சொல்வார்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் பாடிப் பார்த்த முதல் நாள் சமையலறையில்தான். கீழே எல்லாம் சரியாக இருந்தது. நடுவிலும் பரவாயில்லை. உச்சிக்குப் போன இடத்தில் குரல் இல்லை. உடைந்தது, கரகரத்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. வெறும் காற்று வந்தது. குக்கரில் கேஸ்கட் போனால் விசில் வராமல் ஒரு புஸ் சத்தம் வருமே, அது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பாட்டு போய்விட்டால் நான் யார் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. கணக்கு டீச்சர்கள் தாம்பரத்தில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

"சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கலாமா?" என்று கணவரைக் கேட்டேன்.

"இறக்கினா ரெக்கார்டு மாதிரி இருக்காதே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறு. ஒரு வழி பண்றேன்," என்றார்.

அவர் பண்ணிய வழிதான் அந்தப் பெட்டி.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் எக்கோ என்று சொல்வது, குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய மண்டபம் இருப்பதுபோல் கேட்கும் அந்த அதிர்வை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் இதற்கு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். உள்ளே நீளமாக ஒரு தகரத் தட்டு. அதில் பேனா ஸ்பிரிங்கைவிட மெல்லிசாக, முழங்கை நீளத்துக்கு மூன்று ஸ்பிரிங்குகள். குரல் ஒரு முனையில் நுழைந்து, ஸ்பிரிங்கை நடுங்க வைத்துக்கொண்டே மறு முனைக்குப் போய்த் திரும்பி வரும். அந்த நடுக்கம்தான் எக்கோ. எங்களிடம் பழசு ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஓதம் ஏறி, ஸ்பிரிங் துருப்பிடித்துச் செத்துப்போனது. என் கணவர் அதற்குத் துக்கம் கொண்டாடியதுபோல் நான் செத்தால்கூடக் கொண்டாடுவாரா என்று குழுவில் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள்.

அசல் பழைய பெட்டியை வெளிநாட்டில் வாங்க வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். ஆனால் அதே பெட்டியை அப்படியே பார்த்து மலிவாகச் செய்து விற்கிறார்கள் என்று ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். சிங்கப்பூரில் இருந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர், லீவுக்கு வரும்போது லுங்கிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்தார். அதே பழுப்பு நிற ரெக்ஸின், அதே மூன்று திருகுகள், அதே வளைந்த எழுத்து. தூக்கிப் பார்த்தேன். பழையதில் பாதி கனம்கூட இல்லை. பின்பக்கப் பலகை நான்கு திருகாணிகளில் ஒப்புக்கு நின்றது. "பொம்மைக் கல்யாணத்துக்கு வாங்கின மாதிரி இருக்கு," என்றேன்.

"கனத்தையா பாடப்போறோம்? காதால கேளு," என்றார்.

சோபா மெத்தை மேல் பெட்டியை வைத்து, மைக்கைச் சொருகிக் கையில் கொடுத்தார். தணிந்த சுருதியில் ஒரு தாலாட்டு மாதிரிப் பாட்டு. முதல் வரி பாடியதுமே நிறுத்திவிட்டேன். எங்கள் முன்னறை எட்டி நின்றால் சுவரில் மூக்கு இடிக்கும் அறை. அதில் என் குரல் கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல் கேட்டது. வாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது. குரலில் எங்கெங்கே ஓட்டை விழுந்திருந்ததோ அங்கெல்லாம் அந்த நடுக்கம் வந்து நிரம்பிக்கொண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக என் குரலை எனக்குப் பிடித்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன்.

"உச்சிக்குப் போற இடத்துல அடிச்சுப் பாடாத," என்றார் அவர். "மெதுவா விட்டாப் போதும். மீதியைப் பெட்டி பாத்துக்கும்."

நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தது, அதனால் நம்பினேன்.

மேடைக்குத் திரும்பினேன். முடிச்சூர்ப் பக்கம் ஒரு காலனி விழாதான் முதல். சரணத்தில் குரல் படிப்படியாக ஏறிப்போய் உச்சியில் நிற்கிற பாட்டு ஒன்று உண்டு. எந்தக் கச்சேரியிலும் என்னிடம் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். அவர் சொன்னபடி மெதுவாக விட்டேன். ஸ்பீக்கரிலிருந்து அந்த உச்சி முழுதாக, வட்டமாக, தூரத்திலிருந்து வந்து கூட்டத்தின் மேல் இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கை தட்டினார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் சவுண்டு அண்ணாவுக்கு மட்டும் அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாம் அவருடையது. "இன்னா சார், ஊருல எல்லாரும் டிஜிட்டல் எக்கோ வச்சுகினு கீறான், நீ இன்னாத்துக்கு இந்த ஸ்பிரிங்கு பொட்டிய தூக்கினு அலையிற? டிரம்மு அடிச்சா அதுக்குக் காய்ச்சல் வருது, எவனாவது மேடையில நடந்தா டமார்னு கத்துது. ஒரே பேஜாரு," என்பார். உண்மைதான். அதை யாரும் இடிக்கக் கூடாது. மேடையின் ஓரத்தில் தனி நாற்காலியில், ஒரு தலையணை மேல் அது உட்கார்ந்திருக்கும். கல்யாணப் பெண்ணுக்கு அடுத்தபடி அந்த மண்டபத்தில் அதிகம் பாதுகாக்கப்பட்டது அதுதான்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. மேடையில் வருகிற உச்சி வீட்டில் வரவில்லை. பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடினாலும் வீட்டில் அந்த இடத்தில் காற்றுதான் வந்தது. அதற்கும் எக்கோ சேர்ந்து, காற்று இன்னும் பெரிய காற்றாகக் கேட்டது. கேட்டால், "வீட்ல பாடறதும் மேடையில பாடறதும் ஒண்ணா? கூட்டத்தைப் பாத்தா உனக்குத் தானா வருது," என்றார் கணவர். அப்புறம் வீட்டு ஒத்திகையையே குறைத்துவிட்டார். தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்றார். நானும் சமையலறையில் வாய் திறந்து பாடுவதை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கோரஸுக்கு என்று ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். பெருங்களத்தூர்ப் பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டுக்கு நடுவே லாலா, ம்ம்ம் என்று பாடுவாள். அவளுக்குத் தனிப் பாட்டு கொடுக்கவில்லை. நானும் கொடுக்கச் சொல்லவில்லை. அவள் என்னை ரொம்பக் கூர்ந்து பார்ப்பாள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "என்னம்மா லாலா, சாப்டியா?" என்று கேலியாகத்தான் கூப்பிடுவேன். "சாப்ட்டேன்க்கா," என்பாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. கிட்டார், கீபோர்டு, தபேலா, டிரம்மின் தட்டுகள், மைக்குகள், ஒயர்ச் சுருள்கள் எல்லாம் வரிசையாகப் படத்துக்கு முன்னால் வரும். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைப்பது என் வேலை. என் கணவர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெட்டிக்குப் பொட்டு வைக்கும்போது பாத்து வை. சுவிட்சுல, திருகுல எல்லாம் சந்தனம் போயிடப் போகுது," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தெரியவில்லை. மற்ற சாமான்களுக்கெல்லாம் வெளியே வைத்தேன். கிட்டாருக்கு மரத்தில், தபேலாவுக்குப் பக்கவாட்டில். பெட்டி முன்னால் உட்கார்ந்தபோது மனசு கேட்கவில்லை. எனக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்தது அந்த ரெக்ஸினா? உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அல்லவா? ஸ்க்ரூடிரைவர் எடுத்து நான்கு திருகாணிகளையும் கழற்றிப் பலகையை எடுத்தேன். மூன்று ஸ்பிரிங்குகளும் பளபளவென்று தொங்கின. விரல் பட்டதும் கூச்சப்பட்டதுபோல் நடுங்கின. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொன்றின் நடுவிலும் தாராளமாக அப்பினேன். அதன் மேல் குங்குமம். கொஞ்சம் கதம்பம் எடுத்து மூன்றையும் சேர்த்து மாலை மாதிரி கோத்துவிட்டேன். கற்பூரம் காட்டும்போது என் கண் அந்த ஸ்பிரிங்குகள் மேல்தான் இருந்தது. இந்தக் குரலை என்னிடமிருந்து எடுத்துவிடாதே என்று வாய்விட்டே சொன்னேன். சாமியிடம் சொன்னேனா ஸ்பிரிங்கிடம் சொன்னேனா என்று இப்போது யாராவது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவர் உள்ளே வருவதற்குள் பலகையை அதன் மேல் சாத்தி வைத்தேன். பூஜையில் வைத்த சாமானை மறுநாள்வரை எடுக்கக் கூடாது. விஜயதசமி அன்று காலையில் வாடின பூவைப் பிய்த்து எடுத்தேன். சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது. சாமிக்கு வைத்ததைச் சுரண்டுவார்களா? அப்படியே விட்டுப் பலகையை மூடித் திருகினேன். பூ கட்டியிருந்த வாழை நார் ஸ்பிரிங்குகளோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு பெருங்களத்தூரில் ஒரு ரிசப்ஷன். பூஜை லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் வேன் தவழ்ந்தது. மண்டபத்தில் நுழையும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறி மாலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணின் மாமா வாசலிலேயே, "என்ன சார், கல்யாணம் முடிஞ்சு குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்னிக்கு வருவீங்களோ?" என்று கேட்டுவிட்டார். சோதித்துப் பார்க்கவெல்லாம் நேரமில்லை. சொருகினோம், ஆரம்பித்தோம்.

முதல் பாட்டு ஆண் குரல். இரண்டாவது என்னுடையது, தணிந்த சுருதி. பாடும்போதே ஏதோ சரியில்லை. குரல் வாயிலிருந்து புறப்பட்டு வாசலிலேயே விழுந்தது. மண்டபம் இல்லை, நடுக்கம் இல்லை. ஈரத் துணியைத் தரையில் போட்டதுபோல் இருந்தது. சவுண்டு அண்ணாவைப் பார்த்து விரலை மேலே சுழற்றினேன். எக்கோ ஏற்று என்று அர்த்தம். அவர் ஏற்கெனவே ஏற்றிவிட்டார் என்று கையை விரித்தார். என் கணவர் கிட்டார் வாசித்தபடியே நாற்காலியிலிருந்த பெட்டியின் திருகைக் காலால் தொட முயன்றார். அண்ணாவின் டிஜிட்டல் எக்கோ அன்றைக்கு வேறொரு கச்சேரிக்குப் போயிருந்தது.

அப்புறம் அந்த உச்சிப் பாட்டைக் கேட்டார்கள். பெண்ணின் தோழிகள் கூட்டமாகச் சத்தம் போட்டுக் கேட்டார்கள். கணவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பெட்டி இல்லாமல் என்னால் முடியாது என்று இவர் நினைக்கிறாரா? கூட்டத்தைப் பார்த்தால் தானாக வருகிறது என்று சொன்னவரும் இவர்தானே? கீபோர்டுக்காரருக்குத் தலையசைத்தேன்.

சரணம் வந்தது. படிப்படியாக ஏறினேன். உச்சி வந்ததும், வழக்கம்போல மெதுவாக விட்டேன்.

ஒன்றும் வரவில்லை. என் மைக்கில் காற்று போனது, ஸ்பீக்கரில் காற்று வந்தது. கீபோர்டும் தபேலாவும் அந்த வெற்றிடத்தைச் சுற்றி வாசித்துக்கொண்டு போயின.

உதவிக்குத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலில் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. என் உச்சியை அவள் பாடிக்கொண்டிருந்தாள். மைக் வாய்க்கு முன்னால் இருந்தது. ஸ்பீக்கரில் அவள் குரல் துளிகூட இல்லை. மேடையில் பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும், டிரம் சத்தத்துக்கு அடியில் எங்கோ, அது மெல்லிசாகக் கேட்டது. முழுதாக, வட்டமாக.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கணக்கு டீச்சர் அல்லவா.

பாட்டை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. அடுத்தது ஆண்கள் பாட்டு என்பதால் மேடையை விட்டு இறங்கிச் சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில், கை கழுவுகிற இடத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் கணவர் பெட்டியோடு வந்தார். சவுண்டு அண்ணாவும் பின்னாலேயே வந்தார். பலகையைக் கழற்றினார்கள். உள்ளே காய்ந்த சந்தனக் கட்டிகளும் நாரும் குங்குமமுமாக மூன்று ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா நடக்குது?" என்று கேட்டேன்.

அண்ணாதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "மொதல்லேர்ந்தேக்கா. நீ பாடறப்போ அந்தப் பொண்ணு மைக்க நேரா வுடறதில்ல. பொட்டிக்குள்ள மட்டும் வுட்டுட்டு, எக்கோவ மட்டும் வெளிய எடுக்கறது. அப்பத்தான் ரெண்டு ஆளுன்னு தெரியாது, உன் கொரலு மாதிரியே கீதும். நான் சொன்னேன்க்கா, வோணாம் சார், அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு வுட்டுடும்னு."

அவள் குரல் நேராக எங்கேயும் போகவில்லை. ஸ்பிரிங்கில் நடந்து, தன் முகத்தை அங்கே கழற்றி வைத்துவிட்டு, வெறும் எதிரொலியாக வெளியே வந்து என் வாயில் உட்கார்ந்துகொண்டது. சந்தனம் அதன் வழியை அடைத்துவிட்டது.

"உனக்காகத்தான் பண்ணேன்," என்றார் கணவர். "அடுப்படியில உக்காந்து நீ அழுதத நான் பாத்தேன். உன்னை உக்கார வச்சுட்டு அவளை நடுவுல நிக்க வச்சிருந்தா நீ தாங்கியிருப்பியா?"

"தாங்கியிருக்க மாட்டேன்," என்றேன். "ஆனா அது எனக்குத் தெரிஞ்சு நடந்திருக்கும். ஊரே கை தட்டுது, நான் உங்க முதுகுல சாஞ்சுகிட்டு வரேன். அப்பக்கூட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சுருதியை இறக்கியிருக்கலாம். எனக்கு மனசு வரல," என்றார். "இப்ப என்ன, ஒரு பல்குத்தி குடு, எல்லாத்தையும் சுரண்டிட்டா பழையபடி ஆயிடும். அடுத்த பாதிக்குள்ள சரி பண்ணிடலாம்."

பழையபடி. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பந்திக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவிமேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் தலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டும் என்று எனக்கு வெறி வந்ததும் உண்மை. ஒரு நிமிஷம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுரண்டட்டும் என்றுகூட நினைத்தேன். அந்தக் கைதட்டல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"சுரண்டக் கூடாது," என்றேன். "அண்ணா, அந்தப் பொண்ணு மைக்கை நேரா விடுங்க."

"நேராவாக்கா?"

"நேராத்தான்."

இரண்டாவது பாதியில் நானே மைக்கில் சொன்னேன், அடுத்த பாட்டைப் பாடப்போவது எங்கள் குழுவின் புதுப் பாடகி என்று. அவள் பெயரை முதல் தடவையாக மேடையில் சொன்னேன். அவள் எழுந்து வந்தாள். நான் போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். லாலா இனி என் வேலை.

அதே பாட்டை அவள் பாடினாள். எக்கோ இல்லை, மறைக்க ஒன்றுமில்லை. உச்சிக்கு அலட்டிக்கொள்ளாமல் போனாள். எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பாதிப் பாட்டில் எரிச்சல் நின்று வேறொன்று தொடங்கியது. இரண்டாவது வரியின் நடுவில் ரெக்கார்டில் மூச்சு கிடையாது. எனக்கு அங்கே மூச்சு முட்டும், அதனால் திருட்டுத்தனமாக ஒரு சின்ன மூச்சு எடுப்பேன். கணவர் எத்தனையோ தடவை திட்டியும் போகாத பழக்கம். அவள் அங்கே மூச்சு எடுத்தாள். அவளுக்கு அங்கே மூச்சு தேவையே இல்லை. சரணத்துக்கு முன்னால் நான் லேசாகத் தொண்டையைச் செருமுவேன். அவளும் செருமினாள். தலையை இடது பக்கம் சாய்க்கிற விதம்கூட என்னுடையது. இத்தனை மாதமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, என் குரலோடு ஒட்டிப் பாட வேண்டும் என்பதற்காக, என்னை ஒரு சொட்டு விடாமல் குடித்து வைத்திருந்தாள்.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மா நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷன்னு கேள்விப்பட்டு ரொம்ப வருத்தப்பட்டேன்மா. கடைசியா பாடினீங்களே அந்தப் பாட்டு, உங்க குரல் அப்படியே இருக்கு. ஒரு குறையும் இல்ல," என்றார்.

"அதப் பாடினது நான் இல்லைங்க. இந்தப் பொண்ணு," என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினேன்.

அந்த அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியா? நான் சாப்பிட்டுகிட்டே கேட்டேன். உங்க குரல்னுதான் நினைச்சேன்," என்றார். பிறகு மறுபடியும் என் கையைத்தான் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கீழே கிடந்த ஒயரைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை நாளா நீ ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சார் சொல்லக் கூடாதுன்னுட்டாருக்கா. சொன்னா நீங்க பாட்டையே விட்டுடுவீங்கன்னாரு." ஒயரை எடுத்துச் சுற்றிக்கொண்டே, "எங்கம்மா ஒரு கச்சேரிக்கு வந்துட்டு, நீ வாயசைக்கத்தான் போறியான்னு கேட்டாங்கக்கா. அதுக்கப்புறம் அவங்களைக் கூட்டிட்டு வரல," என்றாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "இனிமே என்னை மாதிரி பாடாத," என்று கத்திவிட்டேன். வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பயந்து பின்வாங்குவாள் என்று நினைத்தேன். அவள் பயப்படவில்லை. நிஜமாகவே யோசித்தாள், வகுப்பில் நல்ல மாணவி சந்தேகம் கேட்பாளே, அந்த முகம்.

"வேற எப்படிக்கா பாடறது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். இந்தப் பாடகி மாதிரி என்று சொல்லலாம், அந்தப் பாடகி மாதிரி என்று சொல்லலாம். மேடை ஏறிய நாளிலிருந்து நான் பாடிய ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர் மாதிரிதான். அவள் கையில் ஒயரைப் பிடித்தபடி பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைம்மா," என்றேன்.